நெஞ்சறியும் மந்தர ஸ்தாயி

ஒரு பாட்டைக் கைபேசியில் எத்தனையோ தடவை கேட்டு, அதன் ஒவ்வொரு திருப்பமும் மனப்பாடமாகிவிட்ட பிறகு, அதே பாட்டை அதே கலைஞர்கள் மேடையில் வாசிக்க நேரில் கேட்கும் ரசிகன், இதுநாள்வரை தான் கேட்டுவந்தது வேறொரு பாட்டோ என்று திகைத்து நிற்பது, ராக் சங்கீதத்தில் பழக்கமுள்ளவர்கள் எல்லோரும் அறிந்த அனுபவம். ஸ்வரங்கள் அவையே, வார்த்தைகள் அவையே, தாளத்திலும் மாற்றமில்லை. ஆயினும் டிரம்ஸின் முதல் அடி விழுந்த கணத்தில் மார்க்கூட்டுக்குள் ஏதோ ஒன்று அசைகிறது. பேஸ் கிடாரின் நாதம் பாதங்களின் வழியே முழங்கால் வரை ஏறுகிறது. யாரும் சொல்லாமலே உடம்பு ஆடத் தொடங்கிவிடுகிறது. கூட்டத்தின் உற்சாகம், விளக்குகளின் ஜாலம், அபிமானக் கலைஞரைக் கண்ணெதிரே காணும் பரவசம் என்று இதற்குக் காரணங்கள் சொல்வார்கள். அவையெல்லாம் மெய்யே. ஆனால் அவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஒரு மிச்சம் நிற்கிறது என்பதும், அந்த மிச்சம் பௌதிக சாஸ்திரத்துக்கும் சரீர சாஸ்திரத்துக்கும் உரியது என்பதும், அதை விஞ்ஞானிகள் அளந்தே பார்த்திருக்கிறார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது.

தில்லிவாசிகள் இந்த விசாரத்தைத் தொடங்குவதற்கு இந்தியன் ஓஷன் குழுவைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. 1990-இல் இந்த நகரத்தில் தோன்றி, ராக் இசையின் பெருவழியைப் பின்பற்றாமல், நாட்டுப்பாடலையும் இந்துஸ்தானி நாதத்தையும் மின்கிடாரோடு சேர்த்துத் தனக்கென்று ஒரு மாற்றுப் பாதையை வகுத்துக்கொண்ட குழு அது. சுஸ்மித் சென்னின் கிடாரும், அஷீம் சக்ரவர்த்தியின் தபலாவும் குரலும், ராகுல் ராமின் பேஸ் கிடாரும், அமித் கிலாமின் டிரம்ஸும் கூடிய அந்த நால்வர் சேர்க்கையை, 2009-இல் அஷீம் காலமாவதற்கு முன் நேரில் கேட்டவர்கள் பாக்கியசாலிகள் என்றே சொல்வேன். தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த கரோல் பாக் பகுதியில், கஜூர் சாலையிலுள்ள ஒரு பழைய வீட்டில் அவர்கள் சாதகம் செய்தார்கள். அந்த வீட்டின் கதவெண்ணையே பிற்பாடு ஓர் ஆல்பத்துக்குப் பெயராகவும் வைத்தார்கள்.

1997 ஜனவரி 1-ஆம் தேதி, வீதி நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மியின் நினைவாக சஹ்மத் அமைப்பு நடத்திய நிகழ்ச்சியில், மண்டி ஹவுஸ் பகுதியின் திறந்த வீதியில் இந்தக் குழு வாசித்ததை அப்படியே பதிவு செய்ததுதான் 'டெஸர்ட் ரெயின்' என்ற ஆல்பம். கமானி அரங்கமும் ஸ்ரீராம் சென்டரும் ரவீந்திர பவனமும் சூழ்ந்த அந்தக் கலைப் பேட்டையில், சுவரும் கூரையும் இல்லாத வெளியில் எழுந்த சப்தம் அது. அந்தப் பதிவு இன்றும் நம் கைக்கு எட்டுகிறது. மேடையில் எழுந்த நாதத்தின் பெரும்பகுதியை மைக்குகள் நேர்மையாகவே வாங்கி வைத்திருக்கின்றன; பேஸ் கிடாரின் அடி ஆழத்து ஸ்வரங்களும் அதில் இருக்கத்தான் இருக்கின்றன. அப்படியிருந்தும், அன்று வீதியில் நின்றவர்களின் நெஞ்சில் மோதியது இன்று நம் அறையில் மோதுவதில்லை. பதிவில் இருப்பது நம்மை வந்து சேராமல் எங்கே தொலைகிறது?

சப்தம் என்பது காற்றின் அழுத்தம் மாறி மாறி ஏறி இறங்குவது. ஒரு விநாடியில் அது எத்தனை தடவை ஏறி இறங்குகிறதோ அந்த எண்ணிக்கையை அதிர்வெண் என்கிறோம். ஹெர்ட்ஸ் என்ற அலகால் அதைக் குறிக்கிறோம். எண்ணிக்கை மிகுந்தால் ஸ்வரம் தார ஸ்தாயிக்கு ஏறும். குறைந்தால் மந்தர ஸ்தாயிக்கு இறங்கும். பேஸ் கிடாரின் தடித்த தந்தி, வழக்கமான சுருதியில், விநாடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. சப்தம் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் ஓடுவதால், ஓர் அதிர்வுக்கும் அடுத்த அதிர்வுக்கும் இடையே அலை எட்டு மீட்டருக்கும் மேல் கடந்துவிடுகிறது. இந்த நீளத்துக்குத்தான் அலைநீளம் என்று பெயர். எட்டு மீட்டர் நீளமுள்ள அலையை, கைபேசியின் விளிம்பில் இருக்கும், சுண்டுவிரல் நகமளவான ஸ்பீக்கர் எழுப்ப வேண்டுமென்றால் அது எப்படி நடக்கும்? உள்ளங்கையால் மெதுவாக வீசினால் காற்று விரல்களின் ஓரமாக நழுவிப் பின்பக்கம் போய்விடுகிறது. அதே மெதுவான வீச்சைப் பெரிய பனையோலை விசிறியால் வீசினால்தான் எதிரே இருப்பவரின் முகத்தில் காற்றுப் படுகிறது. ஒலிபெருக்கியும் அதுபோலத்தான்: விரைவான அதிர்வுகளுக்குச் சிறிய தகடு போதும், நிதானமான அதிர்வுகளுக்கு அகன்ற தகடு வேண்டும், அதுவும் முன்னும் பின்னும் வெகுதூரம் நகர வேண்டும். கச்சேரி மேடையின் இருபுறமும் தரையோடு தரையாக அடுக்கி வைத்திருக்கும் பெரிய பெட்டிகள் இந்த ஒரு வேலைக்காகவே இருக்கின்றன. கைபேசியோ சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஊமை.

ஊமை என்றால், கைபேசியில் கேட்கும்போது பேஸ் கிடாரின் ஸ்வர வரிசையை நம்மால் தொடர முடிகிறதே, அது எப்படி என்று நியாயமாகவே யாரும் கேட்கலாம். இங்கேதான் செவியும் மூளையும் சேர்ந்து செய்யும் ஓர் அற்புதம் வெளிப்படுகிறது. எந்தத் தந்தியும் ஒரே அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. 41 என்ற அடிச்சுரத்தோடு 82, 123, 164 என்று அதன் மடங்குகளான மேற்சுரங்களும் உடன் பிறக்கின்றன. அடிச்சுரம் காற்றில் இல்லாமலே போனாலும், மேற்சுரங்களின் சீரான இடைவெளியைக் கண்டு, 'இவற்றுக்கு அடியில் இருக்க வேண்டியது 41' என்று மூளை ஊகித்து, அந்த ஸ்வரத்தைக் கேட்டதாகவே நமக்கு உணர்த்திவிடுகிறது. பழைய கம்பித் தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள எதையும் சரியாகக் கடத்தாது. ஆண்குரலின் அடிச்சுரமோ சாதாரணமாக 100-க்கும் 150-க்கும் இடையில் இருப்பது. என்றாலும் தொலைபேசியில் பேசிய தகப்பனாரின் குரலைப் பெண்குரல் என்று யாரும் மயங்கியதில்லை.

இதை நாம் எப்படி அறிந்தோம் என்ற கதை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீள்கிறது. 1841-இல் ஜெர்மானியரான ஆகஸ்ட் ஸேபெக், துளைகளிட்ட சக்கரத்தைச் சுழற்றிக் காற்றை ஊதி எழுப்பிய ஒலியில், அடிச்சுரம் மிகப் பலவீனமாக இருந்தும் காதுக்கு அது பலமாகவே கேட்பதைக் கவனித்தார். 1930-களின் இறுதியில் ஹாலந்து நாட்டு ஸ்கௌட்டன் அடிச்சுரத்தை முற்றிலும் நீக்கிப் பார்த்தார். ஸ்தாயி மாறாமலே கேட்டது. நீக்கிய ஸ்வரத்தைக் காதின் இயந்திர அமைப்பே மறுபடி உண்டாக்கிவிடுகிறதோ என்ற சந்தேகம் அப்போதும் மிஞ்சியது. 1954-இல் அமெரிக்கரான லிக்லைடர் அதற்கு ஒரு நேர்த்தியான உபாயம் கண்டார். அடிச்சுரம் இருக்க வேண்டிய கீழ்ப் பகுதி முழுவதையும் இரைச்சலால் நிரப்பி, காதில் அப்படியொரு ஸ்வரம் உண்மையாகவே பிறந்தால் அது அமுங்கிப்போகும்படி செய்தார். அப்போதும் அந்த ஸ்தாயி கேட்டது. ஆகவே அது காதில் பிறந்ததன்று, நரம்புகளின் கணக்கில் பிறந்தது என்று முடிவாயிற்று.

அஷீமின் தபலாவுக்கும் இந்தக் கணக்குக்கும் உள்ள உறவை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலின் மேற்சுரங்கள் ஒழுங்கான மடங்குகளாக அமைவதில்லை. அதனால்தான் பெரும்பாலான மேளங்களில் தாளம் கேட்கிறதே தவிர ஸ்வரம் கேட்பதில்லை. தபலாவின் நடுவே அப்பிய ஸ்யாஹி என்ற கரும்பசையும் மிருதங்கத்தின் கரணையும் அந்தத் தோலின் கனத்தை நடுவில் கூட்டி, மேற்சுரங்களை மடங்கு வரிசைக்குக் கொண்டுவந்துவிடுகின்றன என்று, திருச்சியில் பிறந்து கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஸி. வி. ராமன், சகா ஒருவரோடு சேர்ந்து 1920-இல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார். 1934-இல் விரிவான கட்டுரையாகவும் வெளியிட்டார். தோலின் மேல் நுண்மணலைத் தூவி வாசித்தபோது, அதிராத கோடுகளில் மணல் ஒதுங்கி நின்று சித்திரங்கள் வரைந்தது. ஒவ்வோர் அடிக்கும் தோலின் எந்தெந்தப் பகுதி அசைகிறது என்பதை அவர் கண்ணாலேயே கண்டார். ஒளிச்சிதறலுக்காக உலகம் கொண்டாடும் அந்த மேதை, நம் மத்தள வினைஞர்களின் பரம்பரை ஞானத்துக்குச் செய்த இந்த மரியாதையை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

எனவே கைபேசியில் மந்தர ஸ்தாயி 'தெரிகிறது'. ஆனால் காற்றில் இல்லை. அறையில் நல்ல ஒலிபெருக்கியே வைத்திருந்தாலும் இன்னொரு தடை உண்டு. 1933-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெச்சரும் மன்ஸனும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். கேட்போரின் காதில் 1000 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தையும் வேறொரு ஸ்வரத்தையும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து, இரண்டும் சம உரப்பாகக் கேட்கும்வரை அளவைச் சரிசெய்து, அப்படிச் சமமான புள்ளிகளைக் கோடுகளாக வரைந்தார்கள். கீழ் ஸ்வரங்களில் நம் செவி மந்தமானது என்பதை அந்தக் கோடுகள் காட்டின. அதைவிட முக்கியமாக, சப்தம் மெல்லியதாக இருக்கும்போது இந்த மந்தம் மிக அதிகமென்றும், சப்தம் உரக்க உரக்க அது குறைந்துகொண்டே வருகிறதென்றும் காட்டின. அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாத அளவில் நாம் பாட்டுக் கேட்கும்போது மேல் ஸ்வரங்கள் தங்கிவிடுகின்றன, கீழ் ஸ்வரங்கள் அமிழ்ந்துவிடுகின்றன. மேடையின் முன்னால் நிற்கையில் அவை தமக்குரிய ஸ்தானத்துக்கு எழுந்து வருகின்றன. ஒரே பதிவு, உரப்பு மாறினால் வேறு சங்கீதமாக மாறிவிடுவதன் ரகசியம் இது.

இதுவரை சொன்னதெல்லாம் காதின் கதை. நெஞ்சின் கதை இனிமேல்தான். நம் தோலுக்கு அடியில், வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக அமைந்த நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றை விவரித்த இத்தாலிய வைத்தியர் பாச்சினியின் பெயரால் அவை அழைக்கப்படுகின்றன. அழுத்தம் ஒரே நிலையில் இருந்தால் அவை பேசா, அதிர்ந்தால் பேசும். விநாடிக்குச் சுமார் 250 அதிர்வு அவற்றுக்கு மிகவும் உகந்தது. அதற்குக் கீழுள்ள பேஸ் ஸ்வரங்களும் போதிய வலிமையோடு வந்தால் அவற்றை எட்டிவிடுகின்றன. போதாக்குறைக்கு, காற்று நிறைந்த மார்க்கூடு தாழ்ந்த அதிர்வுகளுக்குத் தானும் இசைந்து அதிர்கிறது. டிரம்ஸின் பெரிய மேளம் ஒலிக்கும்போது நெஞ்சுக்குள் ஒரு தட்டு விழுவதாக நாம் சொல்வது கவிதை வழக்கு என்று எண்ண வேண்டாம். அது ஸ்பரிச உணர்ச்சியே.

இன்னொரு வாசலும் உண்டு. உட்செவியில், கேட்பதற்கான நத்தைச் சுருளுக்குப் பக்கத்திலேயே, உடம்பின் சமநிலையைக் காக்கும் சிறு பைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சில மீன்களுக்குக் கேட்கும் உறுப்பாகவே பயன்படுகிறது. மனிதரிலும் அது சப்தத்தை முற்றிலும் மறந்துவிடவில்லை. உரத்த ஒலி வந்தால் கழுத்துத் தசையில் அனிச்சையாக ஒரு சிறு மாறுதல் தோன்றுகிறது, அதை மின்முனைகளால் அளக்கிறார்கள். மான்செஸ்டரில் டாடும் கோடியும் 2000-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நடன அரங்குகளில் வழங்கும் உரப்பிலேயே, சுமார் 90 டெசிபலுக்கு மேல், இந்த மாறுதல் எழுவதைக் கண்டார்கள். உரத்த தாள இசையில் மனிதர்கள் நாடும் இன்பத்துக்கு, ஊஞ்சலாடும்போது நேரும் இன்பத்தோடு உறவு இருக்கலாம் என்பது இதிலிருந்து எழுந்த ஊகம். நிரூபணமான சித்தாந்தமாக அதை நான் முன்வைக்கவில்லை. ஆனால் நம்மைச் சிந்திக்க வைக்கும் ஊகம்.

ஆனால் ஆய்வுக்கூடத்து நாற்காலியில் மின்முனையோடு அமர்ந்திருப்பவரைக் கொண்டு கச்சேரி ரசிகனைப் பற்றி எவ்வளவு தூரம் பேச முடியும்? இந்தக் குறையைத் தீர்க்கும் பரிசோதனை ஒன்று கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது, 2022-இல் வெளியானது. கச்சேரி அரங்காகவும் ஆய்வுக்கூடமாகவும் ஒரே சமயத்தில் பயன்படும்படி கட்டப்பட்ட மண்டபத்தில், மின்னணு இசைக் கலைஞர் இருவர் மெய்யான ரசிகர்களுக்கு மெய்யான கச்சேரி செய்தார்கள். ரசிகர்களில் இசைந்தவர்கள் தலையில் பட்டி அணிந்துகொண்டார்கள்; அசைவைக் கண்காணிக்கும் காமிராக்கள் அவர்களின் ஆட்டத்தை அளந்தன. கச்சேரி நடக்கையில், 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான, செவியின் எல்லையிலும் எல்லைக்குக் கீழும் உள்ள மிகத் தாழ்ந்த அதிர்வுகளை எழுப்பும் விசேஷ ஒலிபெருக்கிகளை இரண்டரை நிமிஷத்துக்கு ஒருமுறை இயக்குவதும் நிறுத்துவதுமாக இருந்தார்கள். அவை இயங்கிய வேளைகளில் ரசிகர்கள் சராசரியாக 11.8 சதவீதம் அதிகம் அசைந்தார்கள். அந்த ஒலிபெருக்கிகள் இயங்கும்போதும் இயங்காதபோதும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று தனியே சோதித்தபோது, கேட்டவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்தப் பரிசோதனையின் அழகை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். கூட்டம் அதே கூட்டம், விளக்கு அதே விளக்கு, கலைஞர்கள் அவர்களே, சில நிமிஷ இடைவெளியில் மாறியது ஒன்றே ஒன்று. நான் தொடக்கத்தில் சொன்ன கழித்தலை அவர்கள் உண்மையாகவே செய்து காட்டிவிட்டார்கள். மனம் அறியாத ஒன்றைச் சரீரம் அறிந்து, கேட்டேன் என்ற பிரக்ஞை எழாமலே ஆடியிருக்கிறது. கச்சேரியில் தன்னை மறந்ததாகச் சொல்லும் ரசிகனின் வார்த்தையை மிகை என்று தள்ளிவிட இனி எனக்கு மனம் வராது.

திறந்த வெளியில் எழும் சப்தம் எவ்வளவு தூரம் போய்ச் சேருகிறது என்பதில் தில்லியின் குளிர்காலத்துக்கும் பங்குண்டு. வெப்பமான காற்றில் சப்தம் வேகமாக ஓடும். ஒவ்வொரு டிகிரிக்கும் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகம் கூடும். பகலில் தரையை ஒட்டிய காற்று வெப்பமாகவும் மேலே குளிர்ச்சியாகவும் இருப்பதால் அலையின் அடிப்பகுதி முந்திக்கொள்ள, அலை மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடுகிறது. ஜனவரி மாத இரவில், தெளிந்த வானத்தின் கீழ் தரை சட்டென்று குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதற்கு மேலுள்ள காற்று வெப்பமாக நிற்கும்போது நிலைமை தலைகீழாகிறது: அலை தரையை நோக்கி வளைந்து வெகுதூரம் போய்ச் சேருகிறது. தலைநகரின் புகையை மேலே போகவிடாமல் அடக்கி மூச்சை முட்டவைக்கும் அதே காற்றடுக்குதான் சப்தத்தையும் கீழே திருப்புகிறது. மார்கழி விடியலில் எங்கோ ஒரு கோயிலின் ஒலிபெருக்கி காதருகில் பாடுவதுபோல் கேட்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். வெப்பத்தால் மட்டுமல்ல, வீசும் காற்றாலும் சப்தம் இப்படி வளைகிறது என்பதை 1870-களில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, மின்மணி ஒன்றைத் திறந்த வெளியில் ஒலிக்கவிட்டு, எதிர்காற்றில் ஒலி மறைந்த இடத்தில் காதை உயர்த்தினால் அது மறுபடி கேட்கிறதைக் கண்டு உறுதி செய்தார்.

அப்படித் தூரம் போகும் சப்தத்தில் மேல் ஸ்வரங்களைக் காற்றும் சுவர்களும் வழியிலேயே உறிஞ்சிவிடுகின்றன. நீண்ட அலைகள் மட்டும் தடைகளை வளைந்து கடந்து போய்ச் சேருகின்றன. மைதானத்திலிருந்து வெகுதூரத்தில் உறங்க முயலும் ஒருவருக்குப் பாட்டு கேட்பதில்லை. சாளரக் கண்ணாடி அதிர்வது மட்டும் கேட்கிறது. ரசிகனுக்குப் பரமானந்தமான அந்தப் பகுதியே அவருக்கு உபத்திரவம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாதென்று 2000-ஆம் ஆண்டு மத்திய அரசு இயற்றிய விதியை ரசிகர்கள் சினந்து பேசுவதைக் கேட்டிருக்கிறேன். சப்தத்தின் இந்த இயல்பை அறிந்தவர்கள் அந்தச் சினத்தை விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதைவிடக் கவலையோடு சொல்ல வேண்டியது ரசிகனின் காதைப் பற்றி. நத்தைச் சுருளில் ஒவ்வொரு காதுக்கும் சுமார் 15,000 நுண்மயிர் அணுக்கள் இருக்கின்றன. போனால் அவை மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது தொழிலகங்களுக்கு அமெரிக்க ஆய்வு நிறுவனம் வகுத்த எல்லை. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்ற அதன் கணக்குப்படி 100 டெசிபலில் பதினைந்து நிமிஷந்தான். ராக் கச்சேரியின் முன்வரிசை இந்த அளவைச் சர்வ சாதாரணமாக எட்டுகிறது. கச்சேரி முடிந்து வீடு திரும்பும்போது காதில் 'ஙொய்' என்று ஒரு நாதம் கேட்டு, மறுநாள் சரியாகிவிட்டால் ஆபத்தில்லை என்றே முன்பெல்லாம் வைத்தியர்களும் நம்பினார்கள். 2009-இல் ஹார்வர்டைச் சேர்ந்த குஜாவாவும் லிபர்மனும் சுண்டெலிகளை 100 டெசிபல் இரைச்சலில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். கேட்கும் திறன் இரண்டு வாரங்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது; ஆனால் அணுக்களையும் நரம்புகளையும் இணைக்கும் பொருத்துகளில், சுருளின் சில பகுதிகளில், ஏறக்குறையப் பாதி நிரந்தரமாக அழிந்திருந்தன. மனிதருக்கு இது எந்த அளவு பொருந்தும் என்பதில் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. என் மட்டில், மறுநாள் சரியாகிவிட்டது என்ற சமாதானத்தை இனி யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆகவே கச்சேரிக்குப் போகும் இளைஞர்கள் காதடைப்பான் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டால் சங்கீதத்தின் உயிரே போய்விடும் என்று அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண நுரை அடைப்பான்கள் மேல் ஸ்வரங்களை அதிகமாகவும் கீழ் ஸ்வரங்களைக் குறைவாகவும் தடுப்பதால் பாட்டு சற்று மங்கலாகக் கேட்கும் என்பது உண்மை; கலைஞர்களுக்கென்றே செய்யப்படும் வடிகட்டி வைத்த அடைப்பான்கள் எல்லா ஸ்வரங்களையும் ஏறக்குறையச் சமமாகக் குறைத்து, பாட்டின் உருவத்தைக் காப்பாற்றுகின்றன. எதைப் போட்டாலும் பேஸ் கிடாரின் நாதம் தோலின் வழியாகவும் எலும்பின் வழியாகவும் தன் பாதையில் வந்துகொண்டேதான் இருக்கும். அதைத் தடுக்கும் அடைப்பான் எதுவும் இல்லை.